நடைப்பிணங்களின் நடுவே: தனித்தாடலும் கூடியாடலும்

பிள்ளைகள் ஆடும் ஆட்டத்தைக் கொண்டு அவர்கள் வாழும் காலத்தை ஒருவாறு அறியலாம். கிட்டியும் கிளித்தட்டும் ஆடப்பெற்ற முற்றங்கள் நம் இளமைக் காலத்தைக் காட்டின. இன்றைய இளைஞனோ கணினித் திரையின் முன்னமர்ந்து, இறந்தோர் எழுந்து திரியும் ஓர் ஊரிலே உயிர் பிழைக்க முயல்கின்றான். இணையம் எட்டியபின் நம் தீவகமும் இதற்கு விலக்கன்று. இதனைக் கண்டு அஞ்சும் பெற்றோரும் உளர். இகழ்ந்து நகைப்போரும் உளர். அஞ்சுதற்கும் இகழ்தற்கும் முன்னர் அவ்வாட்டம் எத்தன்மைத்து என்று அறிந்துகொள்ளுதல் நலமெனக் கருதி இதனை எழுதுகின்றோம்.

ஸொம்பி என்று மேனாட்டார் வழங்குவதை நாம் நடைப்பிணம் எனலாம். அந்நம்பிக்கை வளர்ந்த இடம் கரிபியன் கடலிலுள்ள ஹெயிட்டி நாடு. ஆபிரிக்காவிலிருந்து அங்கே கொணரப்பட்டுக் கரும்புத் தோட்டங்களில் வதைபட்ட அடிமைகள், இறந்த பின்னரும் தம் உடல் எழுப்பப்பட்டு வேலை வாங்கப்படுமோ என அஞ்சினர். சாவும் விடுதலை தாராது என்னும் துயரமே அக்கதையின் வேர். 1968 இல் ஜோர்ஜ் ரொமேரோ என்னும் அமெரிக்க இயக்குநர் எடுத்த திரைப்படத்தின் பின்னரே, மனிதரைக் கூட்டமாய்த் தின்ன வரும் உருவம் உலகெங்கும் பரவிற்று. தமிழிலே 2016 இல் ‘மிருதன்’ என்னும் திரைப்படம் இப்பொருள் பற்றி வெளிவந்தது. பிணத்திற் புகுந்த வேதாளத்தை நாமும் விக்கிரமாதித்தன் கதையில் அறிவோம். ஆயின் வேதாளம் பேசும், புதிர் போடும், விடை கேட்டு மகிழும். நடைப்பிணத்துக்கோ பேச்சில்லை. அதனோடு வழக்காடவும் இயலாது. சமாதானம் பேசவும் இயலாது.

இவ்வகை ஆட்டங்கள் பல. அவற்றுள் ‘புரொஜெக்ட் ஸொம்பொயிட்’ என்பதனை எடுத்துக்கொள்வோம். இண்டி ஸ்டோன் என்னும் சிறு குழுவினர் ஆக்கிய இது, 2011 முதலாகப் படிப்படியே வெளிவந்து வளர்ந்தது. கதை நிகழுங் களம் 1993 ஆம் ஆண்டு யூலை மாதத்து அமெரிக்கக் கென்டக்கி மாநிலம். இதிலே வெற்றி என்பது கிடையாது. ஆடுபவன் எப்படியும் இறப்பான் என்பதை ஆட்டமே தொடக்கத்திற் சொல்லிவிடுகின்றது. எத்துணை நாள் தாக்குப்பிடிப்பான் என்பதே வினா. தொடக்கத்தில் குழாயில் நீர் வரும், மின்விளக்கும் எரியும். பின்னர், முன்னறிவிப்பின்றி இரண்டும் நின்றுபோம். குளிர்சாதனப் பெட்டியிலுள்ள உணவு அழுகும். மழைநீரைச் சேர்த்துக் காய்ச்சிக் குடித்தல் வேண்டும்; விதைத்தல், மீன்பிடித்தல், பலகை கொண்டு சாளரம் அடைத்தல் ஆகியவற்றைப் பயிலல் வேண்டும். சத்தம் பகையை அழைக்கும்: ஒரு வெடியொலி கேட்டால் தெரு முழுதும் திரண்டு வரும். கடிபட்டானுக்கு மருந்தில்லை.

இவ்விதிகளைத் தீவகத்தார் எவரேனும் படித்தால், இவற்றுட் புதுமை யாதென வினாவுவர். நெடுந்தீவிலே நன்னீர்க் கிணறும் உவர்நீர்க் கிணறும் வேறுபிரித்தறியாத பிள்ளை உண்டோ? நெடுந்தீவும் நயினாதீவும் அனலைதீவும் நாட்டின் பொது மின்வலையைச் சாராது, டீசல் மின்பிறப்பாக்கிகளால் ஒளிபெற்று வந்தவை. கச்சான் காற்று வீசிக் கடல் கொந்தளிக்கும் நாளிலே குறிகட்டுவான் துறையில் வள்ளம் நிற்குமாயின், வீட்டிலுள்ளதே உணவு. ஒடியலும் புழுக்கொடியலும் கருவாடும் நம் முன்னோர் கண்ட நெடுநாட் சேமிப்புகள். பெருநகரத்துப் பிள்ளைக்கு விளையாட்டாகத் தோன்றும் சிக்கனம் இங்கே குடும்ப வழக்கமாக இருந்தது.

தனித்தாடுமிடத்து, ஆடுபவன் காலத்துக்கு அதிபதி. வேண்டியபோது ஆட்டத்தை நிறுத்திச் சிந்திக்கலாம். வேண்டியபோது நாழிகையை விரைவாக ஓட்டலாம். ஆகவே இது முன்யோசனைக்குரிய பயிற்சி. எதனை எடுப்பது, எதனை விடுவது, இருட்டுமுன் திரும்ப இயலுமா என்ற கணக்கே ஆட்டம். ஆக்கியோர் இங்கே ஒரு நுட்பம் வைத்துள்ளனர்: பசியையும் காயத்தையும் போலவே சலிப்பையும் துயரத்தையும் ஆட்டம் கணக்கிடுகின்றது. உண்ண உணவும் உறங்க இடமும் இருந்தும் வெறுமையால் மனம் நலியும். மற்றொன்று: பகைவராற் கடியுண்டு இறந்தவன் தானும் நடைப்பிணமாய் எழுவான். அதே ஊரிலே புதிய ஒருவனாக ஆடத் தொடங்கினால், தன் பழைய உருவத்தையே எதிரே காணவும் நேரும்.

கூடியாடுதல் வேறு. 2021 டிசெம்பரில் வந்த 41 ஆம் பதிப்பின் பின்னர் இதுவே பலரை ஈர்த்தது. பலருடைய கணினிகளும் ஒரு பொதுக் கணினியோடு இணைதலால், ஒருவர் விருப்பத்துக்கு ஆட்டத்தை நிறுத்த இயலாது. வேலை பகிரப்படும்: ஒருவன் தோட்டம் செய்ய, ஒருவன் மீன்பிடிக்க, ஒருவன் காவல் நிற்பான். கிளித்தட்டில் தன் கோட்டைக் காவாதவனால் அணி முழுதும் தோற்றமை போல, கதவைச் சாத்த மறந்த ஒருவனால் வீடு முழுதும் அழியும். ஆனால் பெரிய ஐயம் வேறொன்று. எதிரே வரும் அந்நியன் உணவு பகிர்வானா, முதுகிற் சுடுவானா? நியூசிலாந்துப் படைவீரராயிருந்த டீன் ஹோல், புரூணைக் காட்டுப் பயிற்சியிலே தாம் பட்ட துன்பத்தை நினைவிற்கொண்டு 2012 இல் ஆக்கிய ‘டே ஸீ’ என்னும் ஆட்டத்தில் இவ்வையமே தலைமை பெற்றது. அங்கே நடைப்பிணத்தினும் மனிதனுக்கே மனிதன் அஞ்சினான். பிணத்தின் குணம் மாறாது. அதனை எளிதிற் கற்கலாம். அயலானின் மனத்தையோ நாள்தோறும் கற்றல் வேண்டும்.

இதனாலேயே கூடியாடுதல் புலம்பெயர்ந்த நம்மவர்க்கு வேறொரு பயனுந் தரக்கூடும். கோடைகாலத்தில் ஊர்காவற்றுறையில் இரவு எட்டு மணியாகும்போது ரொறன்ரோவிற் காலை பத்தரை மணி. அங்கே பிறந்த மச்சானும் இங்கே வளர்ந்த மச்சானும் ஒரே வீட்டுக் கதவைத் தாங்கி நிற்றல் இயலும். திருவிழாவுக்கு ஒருமுறை வந்து மொழி தடுமாறி நிற்கும் பிள்ளைகள், ‘பின்னாலே பார்’ என்னும் இரு சொற்களைத் தமிழிற் கூவப் பழகுவராயின் அதுவும் ஒரு தொடக்கமே.

அளவு கடத்தலின் தீமையை மறைத்தல் தகாது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த இயலாமை, ஏனைய கடமைகளினும் அதனையே முதன்மையாகக் கொள்ளுதல், கேடு கண்டும் விடாமை ஆகிய மூன்றும் நெடுங்காலம் நீடிப்பின் அதனை ஒரு நோயென உலக சுகாதார நிறுவனம் 2019 இல் ஏற்றுக்கொண்ட பட்டியல் குறிக்கின்றது. உறக்கமும் படிப்பும் உறவும் குன்றுகின்றனவா என்பதே பெற்றோர் கண்காணிக்க வேண்டிய அடையாளம்.

இன்னுமொரு செய்தியை நாம் அழுத்திச் சொல்ல விரும்புகின்றோம். இவ்வாட்டத்தின் பெரும்பகுதி ஆளில்லா வீடுகளிற் புகுந்து தேடுதல். நம் தீவுகளிலும், 1990 ஐயடுத்த போர்க்கால இடப்பெயர்வின் பின்னர், கூரையிழந்து சுவரில் மரம் முளைத்த வீடுகள் பல நின்றன, இன்றும் நிற்கின்றன. ஆட்டத்திலே அத்தகைய வீடு எவருடையதுமன்று. கதவை உடைத்து வேண்டியதை எடுத்தல் அங்கே அறிவுடைமை. இங்கேயோ ஒவ்வொரு வீட்டுக்கும் உரியவர் உளர், அல்லது அவர் வழிவந்தோர் உளர். அந்த முற்றத்திலே திருமணம் நடந்தது. அந்தத் திண்ணையிலே ஏடு தொடக்கப்பட்டது. இவ்வேறுபாட்டை எந்த ஆட்டமும் பிள்ளைக்குக் கற்பியாது. அறிந்த பெரியோரே கற்பித்தல் வேண்டும்.

ஆதலின் பழைய மாணவர்களாகிய நாம் செய்யத்தக்கது, கணினியைப் பறித்தலன்று. பிள்ளையின் அருகிலிருந்து, இன்று எத்தனை நாள் பிழைத்தாய், யார் துணை நின்றார் என வினாவுவோமாக. அவன் சொல்லி முடித்தபின், நம் ஒழுங்கையிலுள்ள ஆளில்லா வீட்டிலே வாழ்ந்தவர் யார், எப்போது போனார், இப்போது எங்கே இருக்கின்றார் என்பதை நாமும் சொல்வோமாக. பிழைத்திருந்தோரின் கதையைக் கேட்க ஆவலுற்ற பிள்ளை, அதனையும் செவிசாய்த்துக் கேட்பான்.