உஷார்! 90 நாள் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது

அமெரிக்காவில் எம்.எஸ். முடித்து ஓ.பி.டி.யில் (படிப்புக்குப் பிந்தைய பணிப் பயிற்சி அனுமதி) வேலை தேடும் பிள்ளைகளே, உடனே உங்கள் இ.ஏ.டி. (வேலை அனுமதி) கார்டை எடுத்து, அதில் அச்சாகியிருக்கும் தொடக்கத் தேதியைப் பாருங்கள். வேலையில்லாமல் கழியும் ஒவ்வொரு நாளும் அன்றிலிருந்தே எண்ணப்படுகிறது. மொத்தமே 90 நாள்தான். சனி, ஞாயிறு, பண்டிகை விடுமுறை எல்லாம் அதில் அடக்கம். கார்டு தபாலில் தாமதமாக வந்து சேர்ந்தாலும் கணக்கு தேதிப்படிதான்.

ஜூன் 1 என்று போட்டிருந்து, வேலை எதுவும் அமையவில்லை என்றால் ஆகஸ்ட் 29-ஓடு 90 நாளும் தீர்ந்துவிடும். நடுவில் ஒரு மாதம் வேலை பார்த்து அது பறிபோனால், எண்ணிக்கை விட்ட இடத்திலிருந்து தொடரும், புதிதாக ஆரம்பிக்காது. வேலைதான் இல்லையே, அக்கா கல்யாணத்துக்குப் போய்விட்டு வரலாம் என்று சென்னைக்கு விமானம் ஏறினால், ஊரில் இருக்கும் நாட்களும் கழியும்.

வேலை கிடைத்த பிறகும் சிலர் மாட்டிக்கொள்கிறார்கள். நிறுவனத்தின் பெயரையும் முகவரியையும் 10 நாளுக்குள் எஸ்.இ.வி.பி. (மாணவர் விசா திட்டம்) போர்ட்டலில் பதிய வேண்டும், அல்லது கல்லூரியின் டி.எஸ்.ஓ. (வெளிநாட்டு மாணவர்களுக்கான அதிகாரி) மூலம் பதிய வேண்டும். மறந்தால், நீங்கள் தினமும் அலுவலகம் போனாலும் அரசின் ஏட்டில் வேலையில்லாதவர்தான். 2025 மே மாதத்தில், வேலை விவரம் பதிவாகாமல் 90 நாள் தாண்டிய மாணவர்களுக்கு, 15 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் மாணவர் பதிவு ரத்தாகும் என்று எச்சரிக்கைக் கடிதங்கள் போயின.

என்னை மிகவும் பயமுறுத்துவது இன்னொன்று. 70, 75-வது நாளில் பிள்ளைகள் பதறும்போது, “பணம் கட்டு தம்பி, ஆஃபர் லெட்டர் தருகிறோம், வேலைக்கு வரவே வேண்டாம்” என்று சில கன்சல்டன்சிகள் வலை விரிக்கின்றன. தயவுசெய்து விழாதீர்கள். அன்றைக்குத் தப்பித்த மாதிரி இருக்கும். பல ஆண்டு கழித்து எச்-1பி-க்கோ சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா முத்திரைக்கோ போகும்போது, சம்பளச் சீட்டு எங்கே, என்ன வேலை பார்த்தாய் என்று தோண்டுவார்கள். பொய் சொல்லிப் பலன் பெற்றதாக முடிவானால் ஆயுள் முழுக்க அமெரிக்காவுக்குள் நுழையத் தடை வரலாம்.

நேர்வழியும் இருக்கிறது. முதல் 12 மாத ஓ.பி.டி.யில், படித்த துறை சார்ந்த உண்மையான தன்னார்வப் பணியை வாரம் 20 மணி நேரமாவது செய்தால் அது வேலையாகவே கொள்ளப்படும். பணி செய்த இடத்தில் அதற்குக் கடிதம் வாங்கி வையுங்கள். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் படித்தவர்களுக்கான ஸ்டெம் நீட்டிப்பின் 24 மாதத்தில் இது செல்லாது; அங்கே சம்பளமும் வேண்டும், நிறுவனம் இ-வெரிஃபை என்ற அரசுச் சரிபார்ப்பு முறையிலும் இருக்க வேண்டும். அப்போது வேலையில்லா நாட்களின் மொத்த வரம்பு, முதல் 90 நாளையும் சேர்த்து, 150 நாள்.

அதுவும் அமையவில்லையா? 90-வது நாள்வரை காத்திருக்காதீர்கள். 60-வது நாளிலேயே டி.எஸ்.ஓ.விடம் போய் உட்காருங்கள். வேறு படிப்புக்கு மாறுவதோ, முறையாக ஊர் திரும்புவதோ, கெடுவுக்குள் செய்தால் பதிவு கெடாது.

பெற்றோரே, லட்சக்கணக்கில் கடன் இருக்கலாம். இருந்தாலும் போனில் தினமும் “வேலை கிடைச்சுதா?” என்று நெருக்காதீர்கள். அந்த நெருக்கடியில்தான் பிள்ளை கன்சல்டன்சிக்குப் பணம் கட்டுகிறான். எத்தனை நாள் மிச்சம் இருக்கிறது என்று கேளுங்கள். கெடு நெருங்கினால், திரும்பி வா என்று சொல்லுங்கள்.