ரசம் வைத்தோம், சர்க்கரையை மறந்தோம்!

2020 மார்ச் மாதம் நினைவிருக்கிறதா? ‘கோழி சாப்பிட்டா கொரோனா வருமாம்’ என்று யாரோ கிளப்பிவிட, கறிக்கடைகள் காற்று வாங்கின. கோழி விலை படுபாதாளத்துக்குப் போனது. ‘அதற்கு எந்த ஆதாரமும் இல்லை’ என்று அரசு சொல்லியும் யார் கேட்டோம்? கொஞ்ச நாளில் கதையே மாறிவிட்டது. ‘உடம்புல தெம்பு வேணும், தினம் ஒரு முட்டை சாப்பிடுங்க’ என்று ஆளாளுக்குச் சொன்னார்கள்!

ஊரடங்கில் ஓட்டல்கள் மூடியதும் அஞ்சறைப் பெட்டிக்கு வந்ததே ஒரு மவுசு! மிளகு ரசம், இஞ்சி டீ, சுக்குக் காபி... 150 மில்லி சூடான பாலில் அரை டீஸ்பூன் மஞ்சள் தூள் கலந்து குடிக்கச் சொன்னது மத்திய ஆயுஷ் அமைச்சகம். 15 மூலிகைகள் சேர்ந்த கபசுரக் குடிநீரைத் தமிழக அரசு தெருத்தெருவாக வழங்கியது.

உணவு வேறு, மருந்து வேறு

மிளகு ரசம் நல்ல உணவுதான். ஆனால், கொரோனாவை அது தடுக்கும் என்பதற்கு நிரூபணம் இல்லை. கஷாயமோ மருந்து. அதற்கு அளவு உண்டு, நாள் கணக்கு உண்டு. ‘மூலிகைதானே, என்ன பண்ணிடும்?’ என்று மாதக்கணக்கில் குடித்தவர்கள் பலர். சீந்தில் கலந்த மருந்துகளைச் சாப்பிட்ட ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக 2021-ல் மும்பை டாக்டர்கள் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. பெரிய விவாதமே நடந்தது. தீர்ப்பு சொல்வது நம் வேலையல்ல. மருத்துவரைக் கேட்காமல் எதையும் மாதக்கணக்கில் குடிக்காமல் இருப்பது நம் வேலை.

நிஜமான வில்லன்

கொரோனா யாரை அதிகமாகப் படுத்தியது? வயதானவர்களை, சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, உடல் பருமன் உள்ளவர்களை. 2021-ல் கறுப்புப் பூஞ்சை வந்தபோதும், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொண்டார்கள். அதே சமயத்தில் வீட்டில் என்ன நடந்தது? வாக்கிங் நின்றுபோனது. சாயங்காலம் ஆனால் பஜ்ஜி, போண்டா. ‘எதிர்ப்புச் சக்திக்கு நல்லது’ என்று சர்க்கரைக்காரர்களும் தேனையும் லேகியத்தையும் ஒரு கை பார்த்தார்கள்!

வீட்டுக்கே வந்து பி.பி., சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசு தொடங்கியது. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல் என்று 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. இதில் எத்தனையோ பேருக்குத் தங்களுக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாது.

ஆகவே, ரசம் தாராளமாக வையுங்கள். கை கழுவும் பழக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். கூடவே, முப்பது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் சர்க்கரை, பி.பி. பரிசோதனை செய்துவிடுங்கள். வீட்டில் எல்லோரையும் அனுப்பிவிட்டு, ‘எனக்கென்ன, நான் நல்லாத்தானே இருக்கேன்’ என்று நீங்கள் மட்டும் அடுப்படியிலேயே நின்றுவிடாதீர்கள். முதல் ஆளாகக் கிளம்ப வேண்டியது நீங்கள்தான்!