வீட்டுப் பூனை: வளர்ப்போர் அறிய வேண்டியவை

தெனாலிராமன் பூனை வளர்த்த கதை நம் எல்லோருக்கும் தெரியும். கிருஷ்ணதேவராயர் வீட்டுக்கு ஒரு பூனையும், அதற்குப் பால் கொடுக்க ஒரு பசுவும் தந்தார். ராமன் முதல் நாளே கொதிக்கக் கொதிக்கப் பாலை வைத்தான். வாயைச் சுட்டுக்கொண்ட பூனை அன்று முதல் பாலைக் கண்டாலே ஓட்டம் பிடித்தது. பசுவின் பாலை ராமன் குடும்பம் குடித்தது. கம்பரும் தம் அவையடக்கத்தில், பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்க ஆசைப்பட்ட பூனைக்குத்தான் தம்மை ஒப்பிட்டுக்கொண்டார். பூனை என்றால் பால் என்பது நம் மனதில் அவ்வளவு ஊறிப்போன எண்ணம்.

ஆனால் வளர்ந்த பூனைக்குப் பால் தேவையே இல்லை. பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் சக்தி குட்டிப் பருவம் தாண்டியதும் குறைந்துவிடுவதால், பல பூனைகளுக்கு அது வயிற்றுப்போக்கைத்தான் தரும். இப்படிப் பூனை விஷயத்தில் நாம் அன்போடு செய்யும் தவறுகள் பல. அவற்றில் சில உயிரையே வாங்கிவிடும்.

நான் மருத்துவன் அல்ல. டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்து, ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் வேலையிலேயே காலத்தைக் கழித்து 2020-ல் ஓய்வு பெற்றவன். இந்தக் கட்டுரையை எழுதக் காரணம் எங்கள் வீட்டில் இருந்த முத்து என்ற ஆண் பூனை.

2021 பொங்கலுக்கு மறுவாரம், ஒரு சனிக்கிழமை. முத்து மணல் தட்டில் போய் உட்கார்வதும், முக்குவதும், எழுந்து வருவதுமாக இருந்தது. நடுநடுவே ஒரு மாதிரியாகக் கத்தியது. மலச்சிக்கல் என்று நானே முடிவு செய்து கொஞ்சம் விளக்கெண்ணெய் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை அது சாப்பிடவில்லை, வாந்தி எடுத்தது, கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. திங்கட்கிழமை காலையில் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்ததுமே, "சிறுநீர் அடைத்திருக்கிறது. சனிக்கிழமையே வந்திருக்கலாமே" என்றார். குழாய் போட்டுப் பார்த்தார். அன்று இரவு முத்து இறந்துவிட்டது. என் பேத்தி, "தாத்தா, அதுக்கு வலிக்குதுன்னு உங்களுக்குத் தெரியலையா?" என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. அதன் பிறகுதான் டாக்டர்களைக் கேட்டும், படித்தும் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். அதைக் கீழே தருகிறேன்.

நோயை மறைக்கும் பிராணி

ரயில் பெட்டியின் சக்கரம் பேசாது. அந்தக் காலத்தில் சுத்தியலால் தட்டி, ஓசையை வைத்து விரிசலைக் கண்டுபிடிப்பார்கள். ஆக்சில் சூடாகியிருக்கிறதா என்று வண்டி உள்ளே வரும்போதே கவனிப்போம். பூனையும் அப்படித்தான். காட்டில் அது வேட்டையாடும் பிராணி மட்டுமல்ல, பெரிய மிருகங்களுக்கு இரையும்கூட. பலவீனத்தைக் காட்டினால் ஆபத்து என்பதால் வலியை மறைப்பது அதன் பிறவிக் குணம். அது சுகமாக இருக்கும்போது உறுமுவது போலவே, வலியிலும் சில சமயம் உறுமும். ஆகவே நாம்தான் தினமும் தட்டிப் பார்க்க வேண்டும். கவனிக்க வேண்டியவை ஐந்து: சாப்பிட்டதா, தண்ணீர் குடித்ததா, மணல் தட்டில் சிறுநீரும் மலமும் வழக்கம்போல இருக்கின்றனவா, மூச்சு எப்படி, எடை எவ்வளவு.

தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு முப்பதுக்குள் இருக்க வேண்டும். உடல் சூடு 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது இயல்பு. எனவே தொட்டால் நம்மைவிடச் சூடாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். மாதம் ஒருமுறை பூனையைத் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் ஏறி நின்று, பிறகு நம் எடையைக் கழித்தால் அதன் எடை வந்துவிடும். நான் காலண்டரிலேயே குறித்து வைக்கிறேன்.

என்ன கொடுக்கலாம்?

நாய் நம்மைப் போல எதையும் தின்னும். பூனை அப்படியல்ல. அது மாமிசம் தின்றே தீர வேண்டிய பிராணி. டாரின் என்ற சத்து அதன் உடலில் போதிய அளவு உற்பத்தியாவதில்லை. அது மாமிசத்திலும் மீனிலும்தான் இருக்கிறது. 1827-ல் காளையின் பித்தநீரிலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்டதால் இந்தப் பெயர். இது குறைந்தால் பூனையின் இதயம் வீங்கிப் பலவீனமடையும் என்று 1987-ல் அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். கண் பார்வையும் போகும். காரட்டில் உள்ள சத்தை வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளவும் பூனையால் முடியாது.

எனவே தயிர் சாதத்தை மட்டும் போட்டுப் பூனை வளர்ப்பது, கரி போடாமல் நீராவி எஞ்சினை ஓட்டுவது போலத்தான். சைவக் குடும்பத்தார் சங்கடப்பட வேண்டாம். பூனைக்கென்றே தயாரித்து விற்கும் உணவில், முழுமையான உணவு என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்கினால் போதும். நாய்க்கான உணவைப் பூனைக்குப் போடக்கூடாது. வீட்டில் சமைத்துப் போடுபவர்கள் உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த கோழிக்கறி கொடுக்கலாம். ஆனால் வெறும் சதை மட்டும் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து குறைந்து குட்டிகளின் எலும்பு வளையும். டாக்டரைக் கேட்டுச் சரி செய்துகொள்ளுங்கள். வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும், வேண்டாம். பச்சை மீனில் உள்ள ஒரு பொருள் வைட்டமின் பி-1 சத்தை அழிப்பதால் மீனையும் வேகவைத்தே கொடுக்க வேண்டும். அதையும் தினமும் கொடுக்க வேண்டியதில்லை.

வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்த அணுக்களை அழிக்கும். ஆகவே குழம்பு பிசைந்த சாதம் கூடவே கூடாது. இனிப்பு கொடுத்தும் பயனில்லை. பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது என்பதும், அதற்கான ஒரு மரபணு அதற்கு வேலை செய்யவில்லை என்பதும் 2005-ல் தெரியவந்தது. மைசூர் பாகு நமக்கு மட்டும்தான்!

பருத்த பூனை இரண்டு மூன்று நாள் எதுவும் சாப்பிடாமல் இருந்தால் ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கு ஆபத்து வரும். "பசித்தால் தானே தின்னும்" என்று விட்டுவிடாதீர்கள்.

தண்ணீரும் மணல் தட்டும்

பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. அதனால் அதற்குத் தாக உணர்வு குறைவு. உலர்ந்த உணவு மட்டும் தின்றால் சிறுநீர் கெட்டியாகி, மணல் போன்ற உப்பு சேரும். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது, எளிதில் அடைத்துவிடும். அகலமான பாத்திரங்களில் இரண்டு மூன்று இடங்களில் தண்ணீர் வையுங்கள். உணவிலும் கொஞ்சம் தண்ணீர் கலந்து கொடுங்கள்.

ஆண் பூனை அடிக்கடி தட்டுக்குப் போய் முக்கி, சிறுநீர் வராமல் இருந்தால் அது அவசரம். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். இரவானாலும் ஞாயிற்றுக்கிழமையானாலும் உடனே டாக்டரைத் தேடுங்கள். கை வைத்தியம் வேண்டாம். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

மணல் தட்டைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு பூனைக்கு இரண்டு தட்டு, இரண்டு பூனைக்கு மூன்று என்பது கணக்கு. வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தால் பூனையை விரட்டிவிடச் சொல்வார்கள். பூனை மலத்தில் இருக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி கருவைப் பாதிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் மலம் வெளிவந்து ஒருநாளாவது ஆன பிறகே அது தொற்றும் நிலையை அடைகிறது. தினமும் வேறு யாராவது தட்டைச் சுத்தம் செய்து, கர்ப்பிணி அதைத் தொடாமல் இருந்தால் போதும். அரைவேக்காட்டு மாமிசம், கழுவாத காய்கறி மூலமும் இக்கிருமி வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நம் மாத்திரை அதற்கு விஷம்

பூனைக்குக் காய்ச்சல் என்று பாரசிட்டமால் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. நாம் போட்டுக்கொள்ளும் ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். நாய்க்கான சில உண்ணி மருந்துகளில் உள்ள பெர்மெத்ரினும் அப்படித்தான். தோட்டத்து லில்லிச் செடியின் இலையோ மகரந்தமோ வயிற்றில் போனால்கூடச் சிறுநீரகம் கெடும்.

தடுப்பூசி

குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி போட்டு, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக நான்கு மாத வயது வரை தொடர வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதம் ஆனதும் போட வேண்டும். பிறகு டாக்டர் சொல்லும் கணக்குப்படி போடலாம். குடற்பூச்சி மருந்தும் அவர் சொற்படி கொடுங்கள். ஐந்து மாதம் ஆனதும் கருத்தடை செய்துவிட்டால் பெண் பூனை வருடத்துக்கு இரண்டு மூன்று ஈற்று போட்டு, குட்டிகள் தெருவில் சாவது நிற்கும். ஆண் பூனை ஊர் சுற்றுவதும் சண்டை போடுவதும் குறையும்.

வெறிநோய் நாயால் மட்டும் வருவதல்ல. பூனை கடித்தாலும் பிறாண்டினாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மனிதருக்கு வரும் வெறிநோயை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று கர்நாடக அரசு 2022-ல் அறிவித்தது. விஷயம் அவ்வளவு தீவிரமானது.

குணமறிந்து பழகுதல்

வாலைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு வந்தால் அது வணக்கம் சொல்கிறது என்று பொருள். மெல்லக் கண்ணை மூடித் திறந்தால் நம்பிக்கை. நாமும் அப்படிச் செய்தால் பூனை பதிலுக்குச் செய்கிறது என்று 2020-ல் இங்கிலாந்தில் சோதித்துக் கண்டிருக்கிறார்கள். தன் பெயர் அதற்குத் தெரியும் என்று 2019-ல் ஜப்பானில் நிரூபித்தார்கள். இப்போது எங்கள் வீட்டில் இருக்கும் வள்ளி, பக்கத்து வீட்டுக் குழந்தைகள் "பெக்கு" என்று கன்னடத்தில் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிறாள். சோபாவைப் பிறாண்டினால் அடிக்காதீர்கள். ஒரு கட்டையில் கோணிச் சாக்கைச் சுற்றிப் பக்கத்தில் வைத்தால் அதற்கு மாறிவிடும்.

தசரா ஊர்வலத்து யானைகளுக்குப் பீரங்கி ஓசையை முன்கூட்டியே பழக்குகிறார்கள். நம் பூனைக்கு யார் பழக்குவது? தீபாவளி நாட்களில் ஜன்னலை மூடி, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி வைத்தால் போதும்.

ஊருக்குப் போகும்போது

வருடம் ஒருமுறையாவது தமிழ்நாட்டுக்குப் போகும் நமக்கு இது ஒரு பிரச்சினை. பூனையை ரயிலில் கூட வைத்துக்கொண்டு போக விரும்பினால், முதல் வகுப்பில் இரண்டு பேர் அல்லது நான்கு பேர் அறை முழுவதையும் பதிவு செய்து, தடுப்பூசிச் சான்றுடன் பார்சல் அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். என் யோசனை, கூட்டிப் போகாமல் இருப்பதே நல்லது. பூனைக்கு ஆளைப் போலவே இடமும் முக்கியம். நம் சங்கத்துக் குடும்பங்களில் ஒருவருக்கொருவர் சாவி கொடுத்து, தினமும் இரண்டு வேளை வந்து உணவும் தண்ணீரும் வைத்து, தட்டையும் பார்க்கச் சொல்லலாம். அந்த ஐந்து விஷயங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

ஜப்பானில் கிஷி என்ற சிறு ரயில் நிலையத்துக்கு 2007-ல் தமா என்ற பூனையை நிலைய அதிகாரியாக நியமித்தார்கள். 2015-ல் அது இறக்கும் வரை அதைப் பார்க்கவே கூட்டம் வந்தது. ரயில்வேக்காரனான எனக்கு அதில் தனி சந்தோஷம். நம் வீட்டுப் பூனைக்குப் பதவி எதுவும் வேண்டாம். தினமும் ஐந்து நிமிடம் நம் கவனம் கிடைத்தால் போதும். அந்த ஐந்து நிமிடம் நான் முத்துவுக்குக் கொடுத்திருந்தால், என் பேத்தி அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டாள்.