தாய்த் திட்டத்துக்குத் தெரியாத பேட்ச்

திறந்த மூல மென்பொருள்: தொடர் – 17

உலகெங்கும் ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸ் சர்வர்களுக்குள் அவற்றின் நிர்வாகிகள் தொலைவிலிருந்தே நுழைவது பெரும்பாலும் ஓப்பன்எஸ்எஸ்எச் வழியாகத்தான். அந்த மென்பொருள் முதலில் எழுதப்படுவது லினக்ஸுக்காக இல்லை. அதன் தாய்வீடு ஓப்பன்பிஎஸ்டி என்ற சிறிய இயங்குதளம். லினக்ஸில் நாம் பயன்படுத்துவது அங்கிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த பதிப்பு.

1995-ல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்டுகளைத் திருடியதை அடுத்து, தாத்து யூலோனென் எஸ்எஸ்எச்சை எழுதினார். அடுத்தடுத்த பதிப்புகளின் உரிமம் இறுகிக்கொண்டே போனது. அதனால் ஓப்பன்பிஎஸ்டி குழுவினர் உரிமக் கெடுபிடி இல்லாத பழைய பதிப்பு ஒன்றை எடுத்துச் செப்பனிட்டு, 1999 டிசம்பரில் தங்கள் 2.6 வெளியீட்டில் சேர்த்தார்கள். அதற்குள்ளாகவே டேமியன் மில்லரும் வேறு சிலரும் அதை லினக்ஸுக்குக் கொண்டுவரும் வேலையில் இறங்கிவிட்டார்கள்.

அப்போது வகுத்த வேலைப் பிரிவினை இன்றும் தொடர்கிறது. ஒரு குழு ஓப்பன்பிஎஸ்டிக்கு மட்டும் எழுதும். மற்ற இயங்குதளங்களின் விசித்திரங்களைப் பற்றி அது கவலைப்படாது. இன்னொரு குழு அந்த நிரலை அப்படியே வாங்கி மற்ற தளங்களில் ஓடவைக்கும். ஓப்பன்பிஎஸ்டியில் உள்ள, ஆனால் லினக்ஸில் இல்லாத செயற்கூறுகளை எழுதி, ‘ஓப்பன்பிஎஸ்டி-கம்பாட்’ என்ற தனி அடைவில் போட்டுவிடுவார்கள். மைய நிரல் தன் சொந்த வீட்டில் இருப்பதாகவே நினைத்து ஓடும். இரண்டு பக்கமும் வேலை செய்பவர்களில் சிலர் ஒரே ஆட்கள் என்பதும் பெரிய பலம். மென்பொருளைப் பெயர்ப்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

இத்தனை ஒழுங்கு இருந்தும் ஓர் ஓட்டை விழுந்தது. அது விழுந்த விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

எஸ்எஸ்எச் சர்வரோடு இணைப்பவருக்கு உள்ளே நுழைய வழக்கமாக 120 விநாடி அவகாசம் உண்டு. அது தீர்ந்தால் ஒரு சிக்னல் அடிக்கும். சர்வர் அந்தக் கணம் எந்த வேலையில் இருந்தாலும் அதை அந்தரத்தில் விட்டுவிட்டு, ‘நேரம் முடிந்தது’ என்று பதிவேட்டில் எழுதப் போகும். ஓப்பன்பிஎஸ்டியில் இதனால் தொல்லை இல்லை; சிக்னலுக்கு நடுவே எழுதினாலும் பழுது வராத பதிவு முறையை அவர்கள் 2001-லேயே செய்துவிட்டார்கள். லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியில் கதை வேறு. அங்கே பதிவு எழுதும் கூறு நடுவில் நினைவகம் கேட்கக்கூடும். ஏற்கெனவே நினைவகக் கணக்கு பாதியில் நிற்கும்போது மறுபடி கேட்டால் கணக்கு குழம்பும். அந்தக் குழப்பத்தைத் திட்டமிட்டு உண்டாக்குபவன் ரூட் அதிகாரத்தோடு உள்ளே வரலாம்.

இந்த வகைப் பழுது 2006-லேயே தெரிந்து, ஒரு காவல் வரி போடப்பட்டது: சிக்னலுக்குள் எழுதுவது பாதுகாப்பான தளம் என்றால் மட்டும் எழுது, இல்லாவிட்டால் பேசாமல் வெளியேறு. 2020 அக்டோபரில் பதிவு எழுதும் பகுதியைத் திருத்தி அமைத்தபோது அந்த வரி தவறுதலாகப் போய்விட்டது. 2021 மார்ச்சில் வந்த 8.5பி1 முதல் ஓட்டை மறுபடி திறந்தது. ஓப்பன்பிஎஸ்டியில் எத்தனை முறை சோதித்தாலும் இது தெரியாது, அங்கே அந்த வரிக்கு வேலையே இல்லை. குவாலிஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கண்டுபிடித்து 2024 ஜூலை 1 அன்று உலகுக்குச் சொன்னார்கள். 32 பிட் லினக்ஸில் சராசரியாக 10,000 முயற்சிகளில் உள்ளே போக முடிந்தது என்று காட்டினார்கள். பெயர்க்கப்பட்ட தளத்தில் மட்டும் பொருள்படும் வரிகளுக்குப் பக்கத்தில், அவை ஏன் அங்கே இருக்கின்றன என்ற விளக்கமும் அவற்றைக் காக்கும் ஒரு சோதனையும் கட்டாயம் இருக்க வேண்டும் என்பேன்.

இதற்கு அடுத்த கட்டம் டெபியன், ஃபெடோரா போன்ற விநியோகங்கள். அவை லினக்ஸ் பதிப்பை எடுத்து, அதன்மேல் தங்கள் பேட்ச்களைப் போடுகின்றன. எஸ்எஸ்எச் சர்வர் தயாரானதும் ‘தயார்’ என்று, சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்குச் சொல்ல ஒரு பேட்ச் போட்டார்கள். ஒரு சாக்கெட்டில் ஒற்றை வரி எழுதினால் முடிகிற வேலை இது. இதற்காக லிப்சிஸ்டம்டி நூலகத்தையே இணைத்தார்கள். அது, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் திட்டத்தின் லிப்எல்இசட்எம்ஏவைத் தன்னோடு கூட்டிவந்தது. ஓப்பன்எஸ்எஸ்எச்சை எழுதியவர்கள் ஒருநாளும் தொடாத நூலகம் அது. 2024-ல் எக்ஸ்இசட்டின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒளித்துவைத்த பின்கதவு, இந்த வழியாகத்தான் எஸ்எஸ்எச் சர்வரை எட்டியது. லாகின் வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் துருவிப் பார்த்து, மார்ச் 29 அன்று அம்பலப்படுத்தினார். பெரும்பாலான சர்வர்களுக்குப் போகும் முன்பே அது பிடிபட்டது.

விநியோகங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ‘தயார்’ என்று சொல்லும் வசதியைத் தாய்த் திட்டமான ஓப்பன்எஸ்எஸ்எச்சிலேயே சேர்க்கச் சொன்ன கோரிக்கை பல ஆண்டு முடிவு காணாமல் கிடந்தது. வேண்டாம் என்றால் ஏன் என்று சொல்லி, மாற்று வழியைக் காட்டியிருக்க வேண்டும். கடைசியில், எந்த நூலகமும் தேவைப்படாத சிறிய நிரலாக ஓப்பன்எஸ்எஸ்எச் குழுவே எழுதிச் சேர்த்தது. அது வந்தது 9.8பி1-ல், 2024 ஜூலை 1 அன்று. காவல் வரிப் பழுதைத் திருத்தியதும் அதே பதிப்புதான்.

தாய்த் திட்டத்தோடு பேசுவதிலும் முறை உண்டு. 2006-ல் டெபியனில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தைப் பராமரித்தவர், சோதனைக் கருவி குறைசொன்ன இரண்டு வரிகளை எடுத்துவிடலாமா என்று தாய்த் திட்டத்தாரிடம் கேட்டார். பிழை தேடுவதற்காகக் கேட்கிறார் என்று எண்ணிச் சரி என்றார் ஒருவர். வரிகள் எல்லாப் பயனர்களுக்கும் போகும் பதிப்பிலிருந்தே நீங்கின. சாவி உருவாக்கத் தேவைப்படும் தற்செயல்தன்மை, கிட்டத்தட்ட புரோசஸ் எண் ஒன்றில் வந்து நின்றது. ஒவ்வொரு வகைக்கும் சாத்தியமான சாவிகள் 32,768-க்குள் அடங்கிவிட்டன. லூசியானோ பெல்லோ கண்டறிந்து 2008 மே மாதம் அறிவிப்பு வரும்வரை இப்படியே ஓடியது.

உங்கள் அலுவலகத்திலும் ஏதோ ஒரு திறந்த மூல மென்பொருளின்மேல் சொந்த பேட்ச் போட்டு ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். இந்த வாரம் அதை எடுத்துப் பாருங்கள். முழு பேட்சையும் இணைத்து, யாருக்கெல்லாம் போகிறது, எந்தப் பதிப்பில் போகிறது என்று எழுதித் தாய்த் திட்டத்துக்கு அனுப்புங்கள். மறுத்தார்களானால், அந்தக் காரணத்தை பேட்சின் தலைப்பிலேயே பதிந்து வையுங்கள். உங்களுக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு வருபவருக்கு அது தேவைப்படும்.

(தொடரும்)