எம்மானுவேல் ரோயிடிஸ்

எம்மானுவேல் ரோயிடிஸ் (ஜூன் 28, 1836 – ஜனவரி 7, 1904) கிரேக்க நாவலாசிரியர், இலக்கிய விமர்சகர், மொழிபெயர்ப்பாளர், மொழியாய்வாளர். ஏதென்ஸ் தேசிய நூலகத்தின் தலைவராகப் பணியாற்றினார். அவர் எழுதிய ஒரே நாவலான 'பெண் போப் யோவான்னா' கிரேக்கத் திருச்சபையின் கண்டனத்துக்கு உள்ளானது. ஏட்டுமொழியில் எழுதிக்கொண்டே பேச்சுமொழியின் உரிமைக்காக வாதிட்டவர்.

பிறப்பு, கல்வி

ரோயிடிஸ் ஏஜியன் கடலிலுள்ள சிரோஸ் தீவின் துறைமுக நகரான எர்முபோலியில் பிறந்தார். தந்தை டிமிட்ரியோஸ் ரோயிடிஸ், தாய் கொர்னீலியா ரொடோகனாகி. இரு குடும்பங்களும் கியோஸ் தீவைச் சேர்ந்தவை. 1822-ல் ஒட்டோமான் படைகள் கியோஸில் நடத்திய படுகொலைக்குத் தப்பிய பலர் சிரோஸில் குடியேறினர். எர்முபோலி அந்த அகதிகளால் வளர்ந்த நகரம்.

1841-ல் குடும்பம் இத்தாலியின் ஜெனோவாவுக்குக் குடிபெயர்ந்தது. தந்தை அங்கே வணிக நிறுவனம் ஒன்றில் பொறுப்பு வகித்தார். ரோயிடிஸின் இளமைக்கால மொழிச்சூழல் இத்தாலியமும் பிரெஞ்சும் கலந்தது. 1849-ல் ஜெனோவாவில் கிளர்ச்சி எழுந்து நகரம் பீரங்கித் தாக்குதலுக்கு உள்ளானபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. பெண் போப்பின் கதையை முதலில் கேள்விப்பட்டது அப்போதுதான் என்று தன் நாவலின் முன்னுரையில் குறிப்பிடுகிறார்.

பின்னர் எர்முபோலிக்குத் திரும்பிப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே உடன் படித்தவர் டிமிட்ரியோஸ் விகேலாஸ். பிற்காலத்தில் எழுத்தாளராகவும் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் முதல் தலைவராகவும் அறியப்பட்டவர். இருவரும் சேர்ந்து 'மெலிசா' (தேனீ) என்னும் கையெழுத்து வார இதழை நடத்தினர். பள்ளிக்குப் பின் ரோயிடிஸ் பெர்லினில் இலக்கியமும் தத்துவமும் பயின்றார். இளமையிலேயே தொடங்கிய காதுகேளாமை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்து, அவரைப் புத்தகங்களுக்கு நெருக்கமாகவும் கூட்டங்களுக்கு அந்நியமாகவும் ஆக்கியது.

தொடக்கம்

படிப்புக்குப் பின் ருமேனியப் பகுதியில் குடும்ப வணிகத்தில் ஈடுபடுத்தப்பட்டார். அதில் மனம் செல்லவில்லை. பிரெஞ்சு எழுத்தாளர் ஷத்தோப்ரியான் பாரிஸிலிருந்து ஜெருசலேமுக்குச் சென்ற பயணத்தைப் பற்றி எழுதிய நூலை அக்காலத்தில் மொழிபெயர்த்தார். 1860-ல் அது ஏதென்ஸில் வெளியானது. ரோயிடிஸின் முதல் நூல் இந்த மொழிபெயர்ப்பே.

பெண் போப் யோவான்னா

ஆண்வேடமிட்ட ஒரு பெண் ஒன்பதாம் நூற்றாண்டில் போப் ஆனதாகவும், ஊர்வலத்தின் நடுவே குழந்தை பெற்றபோது உண்மை வெளிப்பட்டதாகவும் ஒரு கதை ஐரோப்பாவில் வழங்கியது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் குறிப்பேடுகளில்தான் இது முதலில் காணப்படுகிறது. 1647-ல் டேவிட் புளோன்டல் என்னும் அறிஞர், தான் புராட்டஸ்டன்ட் பிரிவைச் சேர்ந்தவராக இருந்தும், இக்கதைக்கு வரலாற்று ஆதாரம் இல்லை என மறுத்தார்.

ரோயிடிஸ் இதை எடுத்துக்கொண்டு 1866-ல் நாவலாக்கினார். 'ஒரு இடைக்கால ஆய்வு' என்று அதற்குத் துணைத்தலைப்பு இட்டார். நீண்ட ஆய்வுரை, அடிக்குறிப்புகள், மூலநூல் சான்றுகள் என வரலாற்று நூலின் எல்லா அடையாளங்களும் அதில் உண்டு. தன் வாக்கியங்களுக்கெல்லாம் பழைய நூல்களில் ஆதாரம் இருப்பதாக முன்னுரையில் கூறுகிறார். ஆனால் நூலைத் திறந்தால் கிடைப்பது அங்கதம். ஆங்கிலத் துறவி ஒருவருக்கு ஜெர்மானிய நிலத்தில் பிறக்கும் யோவான்னா, மடத்தில் இளந்துறவி ஃப்ருமென்டியஸைச் சந்திக்கிறாள். இருவரும் ஏடுகளைப் படியெடுக்கையில் காதல் கொள்கிறார்கள். ஆண்வேடத்தில் அவனுடன் ஏதென்ஸ் வரை அலைகிறாள். பின் அவனை விட்டு ரோமுக்குச் சென்று தன் கல்வியால் உயர்ந்து போப் ஆகிறாள்.

அக்காலக் கிரேக்க நாவல்கள் வால்டர் ஸ்காட்டைப் பின்பற்றிய வீர வரலாற்றுக் கதைகள். கண்ணீரும் சபதமும் நிறைந்தவை. ரோயிடிஸ் முன்மாதிரியாகக் கொண்டது பைரனின் 'டான் யுவான்' காவியத்தின் கேலித்தொனியை. வாசகன் கதையில் மூழ்கும்போது கதைசொல்லி குறுக்கிட்டு, பொருந்தாத ஓர் உவமையைச் சொல்லி அவனை எழுப்பிவிடுவார்.

திருச்சபையின் கண்டனம்

கத்தோலிக்கப் போப்பைப் பற்றிய கதைக்கு ஆர்த்தடாக்ஸ் திருச்சபை ஏன் சினம் கொள்ளவேண்டும் என்ற கேள்வி எழலாம். கதை ரோமில் முடிந்தாலும், அதன் கேலி ஏதென்ஸின் துறவிகளையும் கிழக்குத் திருச்சபையின் வழிபாட்டு முறைகளையும் தொட்டுச் செல்கிறது. அன்றைய வாசகர்கள் அதில் தங்கள் ஊர்ப் பாதிரிகளை அடையாளம் கண்டார்கள். 1866 ஏப்ரலில் கிரேக்கத் திருச்சபையின் ஆயர் மன்றம் நாவலைக் கிறிஸ்துவத்துக்கு எதிரானது, ஒழுக்கக்கேடானது என்று கண்டித்துச் சுற்றறிக்கை வெளியிட்டது.

ரோயிடிஸ் பணியவில்லை. டியோனிசியோஸ் சூர்லிஸ் என்ற புனைபெயரில், அக்ரினியோ ஊரைச் சேர்ந்த ஒரு சாமானியர் எழுதுவதுபோல, நாளிதழில் கடிதங்கள் எழுதினார். பதில் என்ற பெயரில் அவையும் பகடியே. தடையால் நூலின் புகழ் பெருகியது. ஆனால் அதன் பிறகு அவர் இன்னொரு நாவல் எழுதவில்லை.

இதழியல், விமர்சனம்

1873-ல் லாவ்ரியோன் சுரங்கப் பங்குகளின் விலை சரிந்தபோது ரோயிடிஸின் குடும்பச் செல்வம் பெரும்பாலும் அழிந்தது. அதன் பின் எழுத்தையும் அரசுப் பணியையும் சார்ந்தே வாழ்ந்தார். 1875-ல் கேலிச்சித்திரக்காரர் தெமோஸ் அன்னினோஸுடன் இணைந்து 'அஸ்மொதேயோஸ்' என்னும் அங்கத வார இதழைத் தொடங்கினார். சீர்திருத்த அரசியல்வாதியான திரிகூபிஸை ஆதரித்து எழுதினார்.

1877-ல் பர்னாசோஸ் கழகத்தின் நாடகப் போட்டிக்கு நடுவராக இருந்த ரோயிடிஸ், இலக்கியம் செழிக்க அதற்குரிய சூழல் வேண்டும், அன்றைய கிரேக்கத்தில் அது இல்லை என்று அறிவித்தார். பழைய வாழ்வை இழந்து, ஐரோப்பிய வாழ்வையும் முழுதாகப் பெறாத சமூகத்தில் நல்ல கவிதை பிறக்காது என்பது அவர் வாதம். பிரெஞ்சு விமர்சகர் தேனின் கொள்கையை ஒட்டியது இது. கவிஞர் ஆங்கெலோஸ் விலாகோஸ் இதைக் கடுமையாக மறுத்தார். கவிஞனே சூழலை உருவாக்குகிறான் என்றார். கிரேக்க விமர்சனத்தில் கோட்பாட்டு அடிப்படையில் நிகழ்ந்த முதல் பெரிய விவாதங்களுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

நூலகமும் மொழிபெயர்ப்பும்

1878-ல் தேசிய நூலகத்தின் தலைவரானார். அப்பதவி அரசியல் நியமனம். திரிகூபிஸ் ஆட்சியில் அமர்ந்தால் ரோயிடிஸ் நூலகத்தில் இருப்பார், எதிரணி வந்தால் வெளியேற்றப்படுவார் என்ற நிலை பல ஆண்டுகள் நீடித்தது.

எட்கர் ஆலன் போவின் கதைகளைக் கிரேக்க வாசகர்களுக்கு அறிமுகம் செய்தவர்களில் ரோயிடிஸ் முக்கியமானவர். 1889-ல் தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' பாபடியமாண்டிஸின் மொழிபெயர்ப்பில் நாளிதழில் தொடராக வந்தபோது அதற்கு அறிமுகவுரை எழுதினார். முதுமையில் மெக்காலேயின் இங்கிலாந்து வரலாற்றை மொழிபெயர்த்தார். ஜெனோவா, பெர்லின், ருமேனியா என அலைந்த இளமையில் சேர்ந்த மொழியறிவு இறுதிவரை அவருக்குத் துணையாக இருந்தது.

மொழி விவாதம்

சுதந்திரம் பெற்ற கிரேக்கத்தில் அரசும் கல்வியும் இதழ்களும் கதரேவுசா என்னும் ஏட்டுமொழியைப் பயன்படுத்தின. பழங்கிரேக்கச் சாயலில் தூய்மைப்படுத்தப்பட்ட நடை அது. வீட்டிலும் சந்தையிலும் பேசப்பட்டது டெமாட்டிக் என்னும் மக்கள்மொழி. ஒரு சமூகம் இவ்வாறு இரண்டாகப் பிளந்த மொழியில் வாழும் நிலையை 1885-ல் ரோயிடிஸ் 'டிக்ளோசியா' என்று குறிப்பிட்டார். ப்சிகாரிஸ் வழியாக அச்சொல் பிரெஞ்சுக்குச் சென்றது. 1959-ல் அமெரிக்க மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசனின் கட்டுரைக்குப் பின் உலகளாவிய கலைச்சொல்லானது. தமிழின் எழுத்துவழக்குக்கும் பேச்சுவழக்குக்கும் உள்ள இடைவெளியை மொழியியலாளர்கள் 'இரட்டை வழக்கு' என்று கூறுவது இக்கலைச்சொல்லின் பொருளில்தான்.

1893-ல் வெளிவந்த 'சிலைகள்' என்னும் நூலில், மக்கள்மொழி சிதைந்தது, வறியது என்ற பண்டிதர்களின் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக மறுத்தார். அந்நூலும் தேர்ந்த கதரேவுசாவில்தான் எழுதப்பட்டது. இதை முரண்பாடு என எதிர்ப்பாளர்கள் கேலி செய்தனர். பண்டிதர்களை அவர்களுடைய மொழியிலேயே வாதிட்டு வெல்லவேண்டும் என்ற நோக்கமும், அந்த மொழியின் ஓசையைக் கைவிட முடியாத பிடிப்பும் இரண்டும் அதில் இருந்திருக்கலாம். மக்கள்மொழியில் அவர் எழுதிய கதை 'ஆப்பிள் மரம்' ஒன்றே.

பிற்காலக் கதைகள், மறைவு

1890-களில் சிறுகதைகளுக்குத் திரும்பினார். இளமையின் சிரோஸ் தீவும் வளர்ப்பு விலங்குகளும் இக்கதைகளில் வருகின்றன. 'சிரோஸ் கணவனின் உளவியல்' (1894) அழகிய மனைவியின் மீதான சந்தேகத்தில் உழலும் ஒருவனைப் பற்றியது. நாவலின் கூர்மை இவற்றில் தணிந்து, கனிவு கூடியிருக்கிறது.

ரோயிடிஸ் ஜனவரி 7, 1904-ல் ஏதென்ஸில் மறைந்தார். அவருடைய நாவலை 1908-ல் பிரெஞ்சுக்குக் கொண்டுசென்றவர்களில் ஒருவர் 'உபு ராஜா' நாடகத்தை எழுதிய ஆல்ஃபிரட் ஜாரி. 1954-ல் லாரன்ஸ் டரல் அதைத் தழுவலாக ஆங்கிலத்தில் வெளியிட்டார். கதரேவுசா 1976-ல் அரசு மொழி என்ற நிலையை இழந்தது. இன்றைய கிரேக்க மாணவர்கள் ரோயிடிஸைப் படிக்கப் பெரும்பாலும் மக்கள்மொழிப் பெயர்ப்பையே நாடுகிறார்கள்.