பயன்படுத்திய தொலைப்பட வில்லையைத் தேர்ந்தெடுத்தல்

தொலைப்பட வில்லை என்பது தொலைவில் உள்ள பொருளைப் பெரிதாகப் பதிவு செய்ய உதவும், நீண்ட குவியத் தூரம் கொண்ட ஒளிப்படக்கருவி வில்லை ஆகும். பேச்சு வழக்கில் இது டெலிபோட்டோ லென்ஸ் அல்லது டெலி எனப்படுகிறது. கண்டிப்பான பொருளில், தன் குவியத் தூரத்தை விட நீளம் குறைந்த அமைப்புடைய வில்லையை மட்டுமே இச்சொல் குறிக்கும். புதிய வில்லைகளின் விலை மிகுதியால், தொடக்கநிலை ஒளிப்படக்காரர் பலர் பிறர் பயன்படுத்திய வில்லைகளையே நாடுகின்றனர்.

குவியத் தூரமும் காட்டின் தொலைவும்

எவ்வளவு குவியத் தூரம் தேவை என்பது எடுக்கப்படும் பொருளைப் பொறுத்தது. திருப்பூர் மாவட்டத்து உடுமலைப்பேட்டை நூற்பாலைகளும் பின்னலாடைத் தொழிலும் சூழ்ந்த வட்டாரத்தில் இருந்தாலும், அதன் தெற்கே ஆனைமலைத் தொடர் தொடங்குகிறது. அமராவதி அணையருகே உள்ள முதலைப் பண்ணையில் 200 மி.மீ. தாராளமாகப் போதும். திருமூர்த்தி அணையின் நீர்ப்பறவைகளுக்கு 300 மி.மீ.யும் குறைவே. ஏ.பி.எஸ்-சி அளவு உணரி கொண்ட கருவியில் 300 மி.மீ. வில்லை, 30 மீட்டர் தொலைவில் சுமார் 2.35 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும். அங்கு அமர்ந்திருக்கும் மீன்கொத்தி படத்தின் அகலத்தில் எட்டில் ஒரு பங்கே இருக்கும்.

யானையின் கணக்கு வேறு. 50 மீட்டர் தொலைவில் 200 மி.மீ. வில்லை ஏறத்தாழ 6 மீட்டர் அகலத்தைக் காட்டும். யானை முழுமையாக அடங்கிவிடும். இதே படத்தைக் கருவியுடன் வரும் 18-55 வில்லையின் 55 மி.மீ. முனையில் எடுக்க வேண்டுமெனில் 14 மீட்டர் வரை நெருங்க வேண்டும். உடுமலை–மூணாறு சாலையில், சின்னாறு வனவிலங்கு சரணாலயப் பகுதியில், வாகனத்தை விட்டு இறங்கி யானையை அணுகுவது உயிருக்கு ஆபத்தானது. சட்டப்படி தடை செய்யப்பட்டதும் ஆகும். அச்சாலையைப் பொறுத்தவரை தொலைப்பட வில்லை பாதுகாப்புக் கருவியும் கூட. அங்கு வாழும் சாம்பல் நிற மலை அணிலோ மரக்கிளைகளின் உயரத்தில் திரிவதால், அதற்கு 300 மி.மீ. வேண்டும்.

பொருத்தி

வில்லையின் பொருத்தி தன் கருவிக்கு ஏற்றதா என்பதே முதற்கேள்வி. கேனன் 1987இல் ஈ.எஃப். பொருத்திக்கு மாறியதால், அதற்கு முந்தைய எஃப்.டி. வில்லைகள் ஈ.எஃப். கருவிகளில் நேரடியாகப் பொருந்தா. நிக்கானின் எஃப் பொருத்தி 1959 முதல் தொடர்ந்தாலும் அதில் வேறு சிக்கல் உண்டு. டி40, டி3000, டி5000 வரிசைக் கருவிகளில் குவிய மோட்டார் இல்லை. ஆகவே பழைய ஏ.எஃப்-டி வில்லைகளைக் கையாலேயே குவியப்படுத்த வேண்டும். மறுபுறம், 2016இல் வந்த ஏ.எஃப்-பி வில்லைகள் டி90 போன்ற பழைய கருவிகளில் குவியவே மாட்டா. விற்பவர் "நிக்கானுக்கு எல்லாம் பொருந்தும்" என்று சொன்னால் வில்லையின் முழுப்பெயரைப் படித்துப் பார்ப்பது நன்று.

கேனனும் நிக்கானும் 2018இல் முழுச்சட்டக ஆடியில்லாக் கருவிகளுக்குப் புதிய பொருத்திகளை அறிமுகப்படுத்தின. பலர் அவற்றிற்கு மாறியதால் பழைய பொருத்தி வில்லைகள் சந்தையில் பெருகியுள்ளன.

அதிர்வுக் குறைப்பு

கையில் பிடித்து எடுக்கும்போது மூடுவேகம் குவியத் தூரத்தின் தலைகீழியை விடக் குறையலாகாது என்பது பழைய விதி. சிறிய உணரிக்கு 300 மி.மீ.யில் ஏறத்தாழ 1/500 நொடி. காட்டு நிழலில் எஃப்/5.6 துளையுடன் இது எளிதன்று. எனவே அதிர்வுக் குறைப்பு உள்ள வில்லையே தொடக்கநிலையினருக்கு ஏற்றது. கேனன் 55-250 ஐ.எஸ். (2007), நிக்கான் 55-200 வி.ஆர். (2007), நிக்கான் 70-300 வி.ஆர். (2006) ஆகியவை இவ்வகையின. கேனன் 75-300, டாம்ரான் 70-300 ஆகியவற்றின் அதிர்வுக் குறைப்பில்லா வடிவங்கள் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. 500 மி.மீ. ஆடி வில்லைகளின் நிலையான எஃப்/8 துளையும் கைக்குவியமும் பறவை எடுப்பவரைச் சோர்வடையச் செய்யும்.

கருவியின் விலை மட்டுமே படத்தைத் தீர்மானிப்பதில்லை. தமிழ் இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) வெவ்வேறு கருவிகளின் பாகங்களைத் தாமே இணைத்து, அதற்கு "சூப்பர் பாண்டெரோசா" எனப் பெயரிட்டுக் கானுயிர்களைப் படமெடுத்தார்.

சோதனை

முதன்மையான குறை பூஞ்சை. கைவிளக்கை ஒருபுறமிருந்து சாய்வாகப் பாய்ச்சி மறுபுறமிருந்து நோக்கினால், சிலந்தி வலை போன்ற இழைகள் தெரியும். அது கண்ணாடிப் பூச்சை அரிக்கும். துடைத்தாலும் தழும்பு நிற்கும். மலிவான வில்லையைப் பிரித்துத் துப்புரவு செய்யும் செலவு அதன் விலையையே நெருங்கிவிடலாம். ஆகவே பூஞ்சை உள்ளதை எவ்விலைக்கும் தவிர்ப்பதே நலம். வால்பாறை, மூணாறு போன்ற ஈரமிக்க மலைப்பகுதிகளில் இருந்த வில்லையெனில் கூடுதல் கவனம் தேவை. சில தூசித் துகள்களால் படம் கெடாது. பஞ்சு பறக்கும் ஊர்களில் அவையில்லா வில்லை அரிது. முன்கண்ணாடிக் கீறலை விடப் பின்கண்ணாடிக் கீறலே படத்தைக் கூடுதலாகப் பாதிக்கும்.

பின்னர், சுவரில் ஒட்டிய செய்தித்தாளை மிகக் கூடிய குவியத் தூரத்திலும் முழுத்துளையிலும் எடுத்து, சொந்த நினைவட்டையில் சேமித்துக் கணினியில் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். ஒருபக்க எழுத்துகள் மட்டும் மங்கினால் வில்லை கீழே விழுந்து அச்சு விலகியிருக்கக்கூடும். அதிர்வுக் குறைப்பை இயக்கியும் நிறுத்தியும் 1/60 நொடியில் சில படங்கள் எடுத்தால் அது வேலை செய்கிறதா எனத் தெரியும்.

பேணல்

வாங்கிய வில்லையைத் தோல் உறையில் அடைத்து வைப்பதை விட, காற்றுப்புகாத நெகிழிப் பெட்டியில் சிலிக்கா களிப் பொட்டலங்களுடன் வைத்தல் நன்று. நிறம் மாறும் பொட்டலங்களை அவ்வப்போது சூடாக்கி உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம்.