சாவா மூவாக் கடன்

ஏழை பணக்காரர் வித்தியாசம் பற்றி மதங்களிடம் கேட்டால் முதலில் வருவது தானம், தர்மம், அன்னதானம். பசித்தவனுக்குச் சோறு போடு என்று சொல்லாத மதம் கிடையாது. முதலாளித்துவமா சோஷலிசமா என்று கேட்டாலும், இரண்டு பக்கத்துக்கும் வசனம் எடுத்துக் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். பணம் பணத்தைப் பெருக்கும் வழியில் எந்த மதம் கை வைத்தது என்று தெரிய வேண்டுமானால் வட்டிக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். அதிலும் வட்டி எவ்வளவு என்பதைவிட, நட்டம் யார் தலையில் என்பதை.

நம் கோயில்களிலிருந்தே தொடங்கலாம். சோழர் காலத்தில் வட்டாரத்துக்கே பெரிய கடன் கொடுக்கும் இடம் கோயில். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்த நிவந்தப் பணம் ஊர்ச்சபைகளுக்குக் கடனாகப் போனது. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. அது ஒன்றும் கொள்ளை வட்டி இல்லை.

என்னை உறுத்துவது விளக்குக்கு விட்ட ஆடுகளின் கணக்கு. அணையாமல் எரியும் ஒரு நந்தாவிளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடு. அவற்றை இடையர் ஒருவரிடம் ஒப்படைப்பார்கள். அவர் தினமும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும், சந்திரனும் சூரியனும் உள்ளவரை. கல்வெட்டு அந்த ஆடுகளைச் சாவா மூவாப் பேராடு என்கிறது. சாகாது, கிழடாகாது. உயிருள்ள ஆடு சாகத்தானே செய்யும்? கழிச்சல் வந்தால் பட்டியே காலியாகும். ஏட்டில் மட்டும் 96 குறையாது. குட்டிகளின் ஆதாயம் இடையருக்குத்தான், மறுக்கவில்லை. ஆனால் நட்டம் வந்தால் அது அவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் மட்டுமே. கொடுத்தவரின் புண்ணியமும் குறையாது, கோயிலின் முதலும் குறையாது.

இந்த ஏற்பாட்டின் மறுபக்கம் திருப்பாம்புரத்தில் இருக்கிறது. 1201-ல், பஞ்சத்தில், ஒரு வேளாளர் தம் இரண்டு பெண்களோடு 110 காசுக்குத் தம்மையே கோயிலுக்கு விற்றுக்கொண்டதைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

மனு தர்மம் இன்னும் வெளிப்படை. மாத வட்டி நூற்றுக்கு இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, வருண வரிசைப்படி. கீழே இருப்பவனுக்குத்தான் ஐந்து. அதே நூல் வட்டி சேர்ந்து இருமடங்கைத் தாண்டக்கூடாது என்றும் வரம்பு கட்டியது. அந்த ஒரு வரியை மட்டும் நான் மதிக்கிறேன்.

நட்டத்தைப் பற்றி நேராகப் பேசியது இஸ்லாம். வட்டி ஹராம் என்பது தெரிந்த சேதி. முளாரபா என்ற கூட்டுத்தொழில் முறை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஒருவர் முதல் போடுவார், ஒருவர் உழைப்பார். லாபம் பேசியபடி. உழைத்தவர் மேல் தவறில்லாமல் நட்டம் வந்தால், போன பணம் முதல் போட்டவருடையது. உழைத்தவருக்குப் போனது அவர் உழைப்பு. கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை பொறு, விட்டுக்கொடுத்தால் இன்னும் நல்லது என்கிறது குர்ஆன். நம் கடற்கரை ஊர்கள் சிலவற்றில் பைத்துல்மால் என்ற பொது நிதி அமைப்புகள் இன்றும் நகையின் பேரில் வட்டியில்லாக் கடன் தருகின்றன. உலகத்து இஸ்லாமிய வங்கிகள் பெரும்பாலும் பொருளை வாங்கி விலை ஏற்றித் தவணையில் விற்பதோடு நின்றுவிட்டன என்பது வருத்தம்.

யூத வேதம் ஏழாம் ஆண்டில் கடனைத் தள்ளு, ஐம்பதாம் ஆண்டில் நிலத்தைத் திருப்பு என்றது. கத்தோலிக்கத் திருச்சபை 1179-ல் வட்டிக்காரருக்குக் கிறிஸ்தவ அடக்கமே கிடையாது என்றது. 1515-ல் ஏழைகளுக்கான அடகுக்கடைகள் நடத்துசெலவுக்கு வாங்கிய சிறு வட்டியை ஏற்றது. அன்று விட்ட இடம் அகலமாகிக்கொண்டே போயிற்று.

இனி இன்றைக்கு வருவோம். கும்பகோணம் பக்கத்தில் ஒரு தெருத் திண்ணை, காலை ஏழரை மணி. நுண்கடன் நிறுவனத்துக்கு வாரக் கடன் கட்டும் குழுவில் ஒரு பெண் வரவில்லை. மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். பைக்கில் வசூலுக்கு வந்த பையன் கோபப்படவில்லை. "அக்கா, எல்லாரும் சேந்து போட்டுக் குடுத்துருங்க, அடுத்த சென்டருக்குப் போவணும்" என்றான். பூக்கட்டுகிற ஒருத்தி முந்தானை முடிச்சை அவிழ்த்து இருநூறு ரூபாய் எடுத்தாள். மற்றவர்கள் பத்தும் இருபதுமாகச் சேர்த்தார்கள். அவன் அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். நிறுவனத்தின் ஏட்டில் ஆடு சாகவில்லை.

கடன் வாங்கியவர் இறந்துபோனால்? அதற்குக் காப்பீடு இருக்கிறது. அதன் பிரீமியத்தையும் பல இடங்களில் கடன் தொகையிலேயே முதலில் பிடித்துக்கொள்கிறார்கள். நுண்கடன் வட்டிக்கு இருந்த உச்சவரம்பும் 2022-ல் போய்விட்டது.

நகையோ பத்திரமோ இல்லாத பெண்ணுக்கு வேறு யார் கடன் கொடுப்பார்கள் என்று பொருளாதாரம் படித்தவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கொடுக்கட்டும். மாமியார் ஆஸ்பத்திரியில் இருக்கும் வாரத்தின் சுமையில் ஒரு பங்கையாவது கொடுத்தவர் ஏற்கட்டும். இதை ஒப்பந்தத்தில் எழுத முடியாது என்பதை நான் ஏற்கமாட்டேன். 1938-லேயே சென்னை மாகாணத்தில், அசலுக்கு இருமடங்கு கட்டிவிட்ட விவசாயியின் கடன் முழுவதும் தீர்ந்ததாகச் சட்டம் எழுதினார்கள். திண்ணையில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்கள் யாருக்கும் சொந்த நிலம் இல்லை. அவர்களுடைய கடன் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இல்லை.